சிரிப்பின் மேல் ஒரு கோடு

பீரோவில் பூட்டிவைத்த வீடியோ நாடா பத்திரமாக இருக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை உடனே திருத்தியாக வேண்டும். ஆறே மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும்.

கலைக்கூடத்துப் பழைய பெட்டி டிவிக்கு அது நன்றாகத் தெரியும். ஓவியர் மரகதவல்லி, செத்துப்போன தன் தங்கை உயிரோடிருந்தபோது சிரித்த சிரிப்பை வீடியோப் படைப்பாக்கி, இந்த டிவியில் மட்டுமே அது ஓட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுத் தானும் போய்ச் சேர்ந்திருந்தாள். பூஞ்சை பிடித்த நாடா இன்னும் ஒருமுறைதான் ஓடும். அதைப் படம்பிடித்து வைக்கப் புதுக் கேமரா ஒன்று வந்தது.

டிவியைப் போட்டார்கள். தங்கை சிரித்தாள்.

"அருமை, அண்ணே! அந்தக் கறுப்புக் கோடு முகத்தை மறைச்சு மறைச்சு இறங்குதே, என்ன சோகம்!" என்றது கேமரா.

டிவி பதறியது. "என்கிட்ட ஏது கோடு? நீ படம் பிடிக்கிற வேகமும் நான் படம் காட்டுற வேகமும் ஒத்துப்போகலை, தம்பி. அதான் உன் கண்ணுக்குக் கோடு தெரியுது. வேகத்தை மாத்து, சீக்கிரம்!"

"பார்த்ததை அப்படியே பதியறதுதான் என் வேலை. நான் எதையும் மாத்த மாட்டேன்."

"மாத்துடா, அவ இன்னும் சிரிச்சு முடிக்கலை..."

நாடா அறுந்தது.

இப்போது புதிய தட்டைத் திரையில் கேமராவின் பதிவுதான் ஓடுகிறது. பக்கத்து அட்டையில், 'கறுப்புக் கோடு மரணத்தைக் குறிக்கிறது' என்றிருக்கிறது. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.