பன்னிரண்டு பவுண்டு கிட்டார்

"எடைதான்டா சத்தமே. மரத்தைக் குடைஞ்சா கிட்டார் செத்துடும்," என்றார் டெல்பர்ட்.

"பன்னிரண்டு பவுண்டுன்னு சொல்றீங்கல்ல, நிறுத்துப் பார்த்துடலாம்." அவர் குழுவின் டிரம்மர் வேட் விடுவதாயில்லை.

நாஷ்வில்லில் கிட்டார் பழுதுபார்க்கும் கிளைடு, தன் கடை மேசைமேலிருந்த தராசைக் கீழே எடுத்து வைத்தார். போன வருடம் டெல்பர்ட் முதுகு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, அவர் மனைவி இர்மா ரகசியமாகக் கொண்டுவந்த அந்தக் கிட்டாரைக் குடைந்து, மூன்று பவுண்டு மரத்தை எடுத்தவர் கிளைடுதான்.

"தராசு ரிப்பேர்," என்றார்.

வேட் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். டெல்பர்ட் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"தோள்ல மாட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும், கிளைடு. சத்தம் துளிகூட மாறல. ஆனா எனக்குத் தெரியும்னு இர்மாவுக்குத் தெரிஞ்சா கூனிக்குறுகிப் போயிடுவா. அதுக்காகத்தான் ஊரெல்லாம் எடை, எடைன்னு கத்திக்கிட்டுத் திரியறேன்."