அறுபத்து மூன்றாம் கிளாஸ்

"க்ளெனிஸ், மூக்கை வெளிய எடுங்க."

தொண்டர்களை மேற்பார்க்கும் கெல்வினின் குரல் கேட்டதும் க்ளெனிஸ் கிளாஸைச் சட்டென்று தட்டில் வைத்தாள். இன்றைக்கு அவள் பிடிபடுவது இது இரண்டாவது முறை.

"சோப்பு வாசம் அடிக்குதோன்னு பாத்தேன்."

"நேத்தும் அதேதான் சொன்னீங்க. மெர்ல் கழுவுற லட்சணம் அவ்வளவு மோசமா?"

தொட்டியருகே நின்ற மெர்ல் ஈரக் கையை உதறினாள். "என்னை ஏன்யா இழுக்குற? நான் கழுவின கிளாஸ்ல உன் வழுக்கை பளபளன்னு தெரியும், வந்து பாரு."

கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில் மாவட்ட ஒயின் போட்டி நடந்துகொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு நடுவர்கள், இந்தப் பக்கம் சம்பளமில்லாத தொண்டர்கள். மூலையில் மறைவாக ஊற்றப்பட்டு வரும் கிளாஸில் எண் மட்டும்தான் இருக்கும். எது யாருடைய ஒயின் என்று தொண்டர்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது.

க்ளெனிஸ் மோந்து மோந்து தேடியது தன் புருஷன் ரோல்ஃபின் ஷிராஸை, அந்தச் சிவப்பு ஒயினை.

ரோல்ஃப் கடைசியாகச் செய்த ஒயின் அது. அவன் படுக்கையில் விழுந்து மாதங்கள் ஆகிவிட்டன. இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை, போனைக்கூட எடுப்பதில்லை.

"ஷிராஸைப் போட்டிக்கு அனுப்பியாச்சு," என்றான் ஒருநாள். "கெல்வின்கிட்ட பேசிட்டேன். நீ போய் அங்க கூடமாட வேலை செய். மெடல் கெடைச்சா மொதல்ல உன் வாயாலதான் கேக்கணும்."

அதற்காகத்தான் வந்தாள். பகலில் அவனை அவன் தங்கை பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால் அவன் நடுவர்களைப் பற்றிக் கேட்கவே மாட்டான். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார்கள் என்றுதான் கேட்பான். புதன்கிழமைச் சீட்டாட்டத்துக்கு மெர்ல் கூப்பிட்டதையும், முடியாது என்று இவள் சொன்னதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் மதியம் ஷிராஸ் தட்டுகள் வந்தன. அறுபத்து மூன்றாம் கிளாஸில் மூக்கை வைத்த க்ளெனிஸ் மறுபடியும் மோந்து பார்த்தாள். மிளகு, காய்ந்த பிளம், அடியில் லேசாக யூகலிப்டஸ் இலை. அவர்கள் திராட்சைத் தோட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்க அந்த மரங்கள்தான்.

அந்தத் தட்டை வேறு யாரையும் தொடவிடாமல் தானே உள்ளே கொண்டுபோனாள்.

நடுவர்களில் இளையவள் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, எல்லா ஒயினையும் போலவே வாளியில் துப்பினாள். "பழம் வெயில்ல வெந்துபோச்சு."

"நேரத்துக்குப் பறிக்க ஆள் இல்லாத வீடு போல," என்றார் தாடிக்காரர். அவரும் துப்பினார். "மெடல் கெடையாது. அடுத்தது."

ஆள் இல்லைதான். அந்த அறுவடையின்போது ரோல்ஃபுக்கு முதல் ஆபரேஷன்.

வாளி நிறைந்திருந்தது. அதைத் தூக்கிப்போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டுவதும் தொண்டர் வேலைதான். சிவப்பு முழுக்க வடியும்வரை க்ளெனிஸ் அங்கேயே நின்றாள்.

மாலையில் கெல்வின் காலையில் வாங்கி வைத்திருந்த போன்களை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார். அவள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி வீட்டுக்கு அடித்தாள். நாத்தனார் போனை ரோல்ஃபின் காதில் வைத்தாள்.

"ரோல்ஃப், தங்கம்."

அவள் போனை இன்னும் வாயருகே கொண்டுபோனாள்.

"தங்க மெடல். அந்தத் தாடிக்காரர் இன்னொரு வாய் கேட்டு வாங்கினார். துப்பக்கூட இல்ல, முழுங்கிட்டார்."

அவன் சிரித்தான். இருமல் வந்து சிரிப்பைப் பாதியில் பிடுங்கிக்கொண்டது. "நல்லா சொல்றே. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை தாடிக்காரர் எழுந்து நின்றே பாராட்டினார்.

"மெர்ல்கிட்ட புதன்கிழமை வரேன்னு சொல்லிடு."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பெட்டிகளுக்கு அருகில் கெல்வின் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஆமா, பொய்தான் சொன்னேன்," என்றாள். "மோந்து பாக்கக் கூடாதுன்னு தெரியும். அறுபத்து மூணு எங்க ஒயின்தான். துப்பிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் என்னைச் சேத்துக்க வேண்டாம். ஆனா இது பொய்னு மட்டும் ரோல்ஃபுக்குத் தெரியக் கூடாது, கெல்வின்."

"அவனுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

கெல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவன் ஒயினே அனுப்பல, க்ளெனிஸ். நான் போனப்புறம் அவளுக்குப் பேச நாலு பேர் வேணும், அவளை உங்க கூட்டத்துல சேத்துக்கோன்னுதான் கேட்டான்."