சின்னதாகப் போட்டால்

"ஒயிலியைச் சின்னதாப் போட்டுடாதீங்க. செத்துடும்."

மேடையில் அவன் சொன்னதும் அரங்கம் சிரித்தது.

அது அவளுடைய வாக்கியம். போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள். அவன் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை என்று நினைத்தாள். நன்றாகவே விழுந்திருக்கிறது.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள். பெண்டாட்டியே கைதட்டாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

திரையில் ஒற்றை 'ஞ' ஆளுயரத்துக்கு நின்றது. ஒயிலி என்கிற புது எழுத்துரு. கடைப் பலகைக்கும் புத்தக அட்டைக்கும் என்றே வரைந்தது. தடித்த இடம் கும்மென்று தடித்திருந்தது. மெல்லிய இடம் தலைமுடி அளவுதான். கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கூர்.

அழகுதான். அதில் என்ன சந்தேகம்?

அந்த மெல்லிய கோட்டுக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டினாள்! கொஞ்சம் கூடினால் முரடு. கொஞ்சம் குறைந்தால் கோடே இல்லை. அடுப்பில் பருப்பு தீய்ந்து புகை வந்த பிறகுதான் கணினியை விட்டு எழுந்த நாட்களும் உண்டு.

"ஒரு கோட்டுக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்பான் அவன்.

அவன் வரைந்தது மூன்றே மூன்று எழுத்து. அ, க, ம. வரைந்து, ஒயிலி என்று பேரும் வைத்துவிட்டு, அதைப் பற்றிக் கூட்டங்களில் பேசக் கிளம்பிவிட்டான். மிச்சத்தையெல்லாம் வரைந்தவள் அவள். இரண்டு வருடம்.

"இது என் குழந்தை மாதிரி," என்றான் மேடையில். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

ஆமாம், இவன்தான் இடுப்பு வலி எடுத்துப் பெற்றான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. போஸ்டரில் தன் பேரும் இருக்க வேண்டும்.

"இல்லாமலா? பாத்து அசந்துடப் போற," என்றான். போஸ்டரை அவனே வடிவமைத்தான். கடைசிவரை அவள் கண்ணில் காட்டவில்லை.

கூட்டம் முடிந்து வாசலில் ஆளுக்கொரு போஸ்டரைச் சுருட்டிக் கொடுத்தார்கள். அவளும் வரிசையில் நின்று ஒன்று வாங்கினாள்.

விரித்தாள்.

மேலே 'ஒயிலி'. நடுவில் அவன் பேர், சாண் அகலத்துக்கு.

அப்புறம் வெறும் வெள்ளை.

அடியில், ஓரத்தில், அரிசி உயரத்துக்கு ஏதோ ஒன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறமும் அதேதான்.

அவள் பேர். அதையும் ஒயிலியிலேயே போட்டிருந்தான்.

மெல்லிய கோடு ஒன்றுகூட அச்சில் ஏறவில்லை. தடித்த பகுதிகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன.

வேறு ஏதாவது சாதாரண எழுத்தில் போட்டிருக்கலாம். கணினியில் ஆயிரம் கிடக்கிறது. தெரியாமல் செய்துவிட்டான் என்று நினைக்கவும் வழியில்லை. இப்போதுதானே மைக்கைப் பிடித்துச் சொன்னான்?

போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போனாள்.

அவன் வாசல் மேசையில் உட்கார்ந்து போஸ்டர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஒரு ஜவுளிக்கடைக்காரர். தன் கடை போர்டுக்கு இந்த எழுத்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையெழுத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போஸ்டரைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், கீழ என்னமோ சீப்புப் பல்லு மாதிரி குச்சி குச்சியா இருக்கே. என்னது இது?"

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது எதிரில் அவள் நிற்பதையும் பார்த்தான்.

"அதுவா? பிரிண்டிங்ல ஏதோ கோளாறு சார். கண்டுக்காதீங்க."

அவள் கடைக்காரர் கையிலிருந்து போஸ்டரை வாங்கினாள். மேசையில் விரித்தாள். அவன் கையிலிருந்த பேனாவையும் உருவிக்கொண்டாள்.

விட்டுப்போன கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். எது எங்கே வளையும், எங்கே சுழியும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

"ஏய், என்ன பண்ற? அழகே போச்சு," என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

போனதுதான். பால்பாயிண்ட் பேனாவுக்கு அவ்வளவு மெல்லிய கோடு வராது. கறுப்போடு ஒட்டாத நீல மை. கோணல்மாணலாக, பார்க்கச் சகிக்கவில்லை.

கடைக்காரர் போஸ்டரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தார்.

"சங்கவை."

பிறகு அவனிடம் கேட்டார்.

"யாரு சார் இது?"

அவளும் அவனைத்தான் பார்த்தாள்.