எலுமிச்சம்பழமும் தலைப்பாகைத் துண்டும்

பேரையூர் வெயில் ஏழரை மணிக்கே சுள்ளென்று முற்றத்தில் விழுகிறது. ஒச்சப்பன் தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி பாண்டியம்மாள் பாதி எலுமிச்சம்பழத்தை அவன் உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறாள். சாறு வழிந்து கண் எரிகிறது. "வெறும் வயித்துல அம்புட்டையும் ஊத்துனா மண்டை வலிக்காம என்ன செய்யும்? கெடா வெட்டுக்குப் போயி ரெண்டு வாய் கறியாச்சும் தின்னீகளா?" உப்புப் போட்ட மோர்ச் செம்பை நீட்டுகிறாள். "குடிங்க, தெளிஞ்சிரும்." அவன் வாயை இறுக மூடிக்கொள்கிறான். தெளியாமல் இருக்கும்வரை நேற்றைய இரவு கிடாவெட்டுப் பந்தலோடு நின்றுவிடுகிறது. ஆனால் அவள் தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அதற்குப் பிறகு நடந்ததும் துலங்கி வருகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிகிற மச்சினன் முத்துப்பாண்டி. அவன் விழுந்துவிடாமல் இருவரையும் சேர்த்துத் தலைப்பாகைத் துண்டால் கட்டுகிற தன் கைகள். கண்மாய்க்கரை வளைவு. சட்டென்று லேசாகிப்போன முதுகு.

"ஏங்க, தம்பிய எங்க எறக்கிவிட்டீக? இன்னும் வீடு வந்து சேரலைன்னு அவன் பொண்டாட்டி போன் போட்டுச்சு." அவன் மோர்ச் செம்பைத் தள்ளிவிடுகிறான். "சரி, இடுப்புல கெடக்குற அந்த ஈரத் துண்டக் குடுங்க, அலசிப் போடுறேன்." அவளே குனிந்து பிடித்து இழுக்கிறாள். வயிற்றுக்கு முன்னால் போட்ட முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால், இன்னொரு ஆள் உட்காரும் அகலத்துக்குத் துண்டு தொங்குகிறது. அவள் கை அந்த வெற்று வளையத்துக்குள்ளேயே நின்றுபோகிறது.