ஜன்னலம்மா

"பாவாடை நாடாவை உருவிட்டுத்தான் துணியைக் குடுப்பாங்க. உனக்கு மட்டும் இல்ல, இங்க வர்ற எல்லாருக்கும் அப்படித்தான். மனசுல வச்சுக்காதே."

தையல்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜன்னலோரக் கட்டிலில் தலை நரைத்த பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரத்தது. பாவம், நல்ல சளி போலிருக்கிறது.

மனநல மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தையல்காரிக்கு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கீழே கணவன் காத்திருந்தான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டிப்போய்விடுவான். ஆனால், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தினமும் அரித்த அந்த நினைப்பும் கூடவே வீட்டுக்கு வரும்.

"பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையேக்கா!"

"இருந்தா உள்ள போய்ப் பூட்டிக்குவோம். அப்புறம் நம்மளை யாரு வெளியே கொண்டு வர்றது?"

"கட்டிப் போடுவாங்கன்னு எங்க நாத்தனார் சொன்னாங்க."

"அவங்க இங்க எத்தனை நாள் இருந்தாங்களாம்?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை வாரம் ஆயிற்று!

பெண்மணி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "ராத்திரி நர்ஸுங்க டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. வேவு பாக்கறாங்கன்னு நினைக்காதே. மூச்சு ஏறி இறங்குதான்னு பாக்கறாங்க. நாமளே வேண்டாம்னு விட்ட மூச்சை, யாரோ பெத்த பொண்ணு தூக்கம் முழிச்சு வந்து பாத்துட்டுப் போறா."

தையல்காரி எதிர்க் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் திட்டுவாரா?"

"தினமும் வந்து பக்கத்துல உக்காருவார். பேசினா கேப்பார். பேசலைன்னா அவரும் ஜன்னல் வழியா மரத்தைப் பாத்துட்டிருப்பார். போகும்போது 'நாளைக்கு வரேன்'னு சொல்வார். வருவார்."

"உங்களை எப்படிக்கா கூப்பிடறது?"

"எல்லாரும் ஜன்னலம்மாங்கறாங்க."

அடேயப்பா, வார்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாளே! வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசித்தான் இத்தனையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று மலைத்துப் போனாள் தையல்காரி. பயம் எப்போது விலகியது என்றே தெரியவில்லை. நாடாவுக்குப் பதிலாகக் கோணல்மாணலாகத் தைத்திருந்த எலாஸ்டிக் அப்போதுதான் கண்ணில் பட்டது. பிரித்துத் தைக்க வேண்டும் என்று கை பரபரத்தது.

மணி அடித்தது. மாத்திரைத் தட்டோடு நர்ஸ் வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் கேக்கறார். இருக்கீங்களா, போறீங்களா?"

"அவரைப் போகச் சொல்லுங்க சிஸ்டர். நான் இருக்கேன். ஜன்னலம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"இவங்கதான். இவ்வளவு நேரம் பேசிட்டுத்தானே இருந்தோம்!"

நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலருகே மண்டியிட்டு அந்தப் பெண்மணியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"போன மழைக்காலத்துல பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இவங்களைக் கூட்டிட்டு வந்தாங்கம்மா. பேர்கூடத் தெரியாமதான் நாங்களா ஜன்னலம்மான்னு வச்சோம். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல."