கக்கத்து மூட்டை

"திருடன் வெளியில இல்லம்மா. இதுக்குள்ள இருக்கான்" என்றார் மேனேஜர் லூர்துராஜ், கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி.

கொட்டச்சேடு எஸ்டேட் ஆபீசுக்கு அந்தப் பெட்டியை வாங்க வைத்தவள் கணக்கெழுதும் ஞானசுந்தரிதான். அதில் இலவச டேட்டாபேஸ் ஒன்றைப் போட்டவளும் அவள்தான்.

ஆட்களின் பெயர் ஓர் அட்டவணையில் இருக்கும். அவர்கள் பறித்த காப்பிப் பழத்தின் எடை இன்னோர் அட்டவணையில். இரண்டையும் டேட்டாபேஸ் முடிச்சுப் போட்டு வைக்கும். பகலில் கரண்ட்டை நம்ப முடியாது என்பதால் கூட்டல் வேலை ராத்திரியில் தானாக ஓடும்.

ஒரு வாரமாக முடிச்சு மாறிக்கொண்டிருந்தது. வீராயி பறித்த பழம் செங்கோடன் பேரில் ஏறியது. செங்கோடன் பறித்தது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"காசு வாங்காம குடுத்தானாக்கும்? சும்மா எவனும் சுண்ணாம்புகூடக் குடுக்க மாட்டான்மா" என்றார் லூர்துராஜ்.

"உள்ள எப்படி எழுதியிருக்குதுன்னே காட்டித்தானுங்க சார் குடுக்கறாங்க. தப்பு இருந்தா சொன்னாப் போதும், சரி பண்ணிக் குடுப்பாங்க."

"அப்பச் சொல்லு. சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பெட்டி சேலத்துக்கு இறங்கும். கூடவே நீயும் இறங்க வேண்டியதுதான்."

ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் புதிதாக இன்டர்நெட் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஞானசுந்தரி, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய டேட்டாபேஸ் புகார்ப் பக்கத்துக்குப் புகார் அனுப்பினாள். டேட்டாபேஸை எழுதியவர்களில் ஒருவரான நார்வேக்காரர் மறுநாளே பதில் போட்டார்.

'நீங்கள் அனுப்பியதை இங்கே ஓட்டிப் பார்த்தேன். தவறு வரவில்லை. உங்கள் பெட்டியைத்தான் சந்தேகிக்கிறேன். அறை மிகவும் சூடாக இருக்குமோ?'

டிசம்பர் மாத ஏற்காட்டில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராக உட்கார்ந்திருந்தவளுக்குக் கோபம் வந்தது. 'இந்தியா என்றாலே பாலைவனமா? இங்கே விரல் விறைத்துப் போய் எழுத்தே தட்ட முடியவில்லை' என்று திருப்பி அடித்தாள்.

'மன்னிக்கவும். ஆனாலும் ஒருநாள் விடிந்ததும் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்' என்று வந்தது.

ஆக, மேனேஜரின் சந்தேகம் நார்வேக்காரர்மேல். நார்வேக்காரரின் சந்தேகம் பெட்டிமேல். சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் இருந்தவள் ஞானசுந்தரி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கும் கிடைத்தது. கொண்டு வந்தவன் வாட்ச்மேன் சின்னத்தம்பி.

"ஏனுங்க சார், சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. ஆபீஸ் கூட்டற மருதாயி சாயங்காலம் கக்கத்துல ஒரு மூட்டையோட உள்ள போறா. வெறுங்கையோட வெளிய வர்றா. விடிஞ்சதும் மறுபடி வந்து, மூட்டைய எடுத்துக்கிட்டு ஓட்டமா ஓடறா."

"என்ன மூட்டைடா?"

"கேட்டா சிரிக்கறாளுங்க."

"கொட்டை!" என்றார் லூர்துராஜ். "காப்பிக்கொட்டையா அள்ளிட்டுப் போறா. கம்ப்யூட்டர்லயும் அவதான் கை வெச்சிருப்பா. என்னம்மா சொல்றே?"

மருதாயிக்குத் தன் பேரையே எழுதத் தெரியாது. அது ஞானசுந்தரிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மருதாயி திருடி என்றால் வேலை போவது மருதாயிக்குத்தான், தனக்கல்ல.

"இருக்குமுங்க சார்" என்றாள்.

சனிக்கிழமை. விடிந்தும் பனி விலகவில்லை. ஆபீஸ் கதவைத் திறந்து மூட்டையும் கையுமாக வெளியே வந்த மருதாயியின் எதிரில் மூன்று பேர் நின்றார்கள்.

"பிரி அதை" என்றார் லூர்துராஜ்.

மருதாயி பிரித்தாள். ஒரு பழைய கம்பளி. லூர்துராஜ் அதை வாங்கி உதறினார், திருப்பியும் உதறினார். ஒரு கொட்டைகூட விழவில்லை.

"கொட்டை எங்கே?" அவர் குரலில் ஏமாற்றம்.

"என்ன கொட்டைங்க?" மருதாயி ஞானசுந்தரியைப் பார்த்தாள். "கண்ணு, கோவிச்சுக்காத. சாயங்காலம் நீ பாட்டுக்கு ஊட்டுக்குப் போயிர்ற. அது இந்தக் குளிருல ஒண்டியாக் கெடந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு வாங்குது. தொட்டா வெடவெடன்னு நடுங்குது சாமி. அதான் தெனமும் போத்தி உட்டேன். நீ வாரதுக்குள்ள எடுத்துருவேன்."

ஞானசுந்தரி உள்ளே ஓடிப் பெட்டியைத் தொட்டாள். தோசைக்கல்.

"அட கிறுக்கி, காத்தோட்டம் இல்லாம வெந்து போயில்ல தப்புக்கணக்குப் போட்டிருக்கு!" என்றார் லூர்துராஜ். "போத்தினதுதான் போத்தினே, கம்பளிய இங்கயே போட்டு வெச்சா என்ன? காலைல எதுக்கு ஒளிச்சு எடுத்துட்டு ஓடறே?"

"எங்கூட்ல இருக்கறதே இது ஒண்ணுதானுங்க. பகல்ல எங்கூட்டுக்காரரு போத்திக்கிட்டு வேலைக்குப் போவோணும்."

"அப்ப ராத்திரிக்கு?"

"எங்களுக்கு அடுப்பு இருக்குதுங்களே சார். இதுக்கு என்னங்க இருக்குது?"

லூர்துராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தார். சுண்ணாம்பு ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். கம்பளியை மடித்து அவளிடமே கொடுத்தார்.

அன்றைக்குச் சேலத்துக்குப் பெட்டி இறங்கவில்லை. யாருமே இறங்கவில்லை.

ஊரெல்லாம் படிக்கும் இடம், சிரிப்பார்கள் என்று தெரிந்தும், ஞானசுந்தரி நடந்ததைப் புகாரின் கீழே எழுதினாள். தான் யாரைச் சந்தேகித்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை நார்வேயிலிருந்து பதில் வந்திருந்தது.

'பிழை தீர்ந்தது. காரணம்: கம்பளி. தீர்வு: அதை அந்த அம்மாவே போர்த்திக்கொள்ளட்டும். என் ஜன்னலுக்கு வெளியே இப்போது முழங்கால் உயரம் பனி. இங்கே உட்கார்ந்துதான் இத்தனை வருடமாக இதை எழுதுகிறேன். வேகமாக ஓடவில்லை, சரியாகக் கூட்டவில்லை என்று உலகம் முழுவதிலிருந்தும் எழுதுகிறார்கள். இதற்குக் குளிருமே என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.'