பதினாறரை கிலோ

பின்னிருக்கையில் குழந்தை பாதுகாப்புப் பட்டை பூட்டி அமர்ந்தால்தான் கார் புறப்படும். நான்கு வயது இதழினிக்கோ பட்டை ஆகாது. அம்மாவின் மடிதான் வேண்டும். ஆகவே செழியன், அவளது எடைக்குச் சரியாக ஓர் அரிசி மூட்டையைக் கட்டி, குழந்தை இருக்கையில் பூட்டினான். அவள் வளர வளர, மாதந்தோறும் அரிசியையும் கூட்டினான்.

அன்று காங்கேயம் சாலையில் இருக்கை பேசியது: "குழந்தை அரை கிலோ கூடியிருக்கிறாள். வாழ்த்துகள்."

"உங்க மூத்த பொண்ணு நல்லா வளர்றாளுங்க," என்று முன்னிருக்கையில் இதழினியை மடியில் வைத்திருந்த குமுதினி சிரித்தாள்.

"அவ உன் பொண்ணாட்டம் அடம்பிடிக்க மாட்டா," என்றான் செழியன்.

ஆடொன்று குறுக்கே ஓடியது. கார் புளியமரத்தில் மோதியது.

குமுதினி நினைவிழந்து சரிந்திருந்தாள். மடியில் குழந்தை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. வெளியே புல்லில் கிடந்த இதழினி "அப்பா" என்று முனகினாள். செழியனின் கால்கள் சிக்கியிருந்தன. அவன் ஆம்புலன்ஸை அழைத்தான்.

"குழந்தை நலம்னு இருக்கை சொல்லிடுச்சு சார். பெரியவங்களுக்கு மட்டும்னா வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள் அழைப்பை எடுத்தவள்.

"அது அரிசிங்க! என் பொண்ணு வெளிய கெடக்கறா!"

"பதறாதீங்க சார். பதினாறரை கிலோ, பட்டையோட பத்திரமா இருக்குது."

வெளியே முனகல் நின்றது. பின்னால் மூட்டையிலிருந்து ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை. அதிர்ந்த குழந்தையை அமைதிப்படுத்த, இருக்கை அதை மெல்ல ஆட்டியபடி தாலாட்டத் தொடங்கியது.